பன்னிரண்டாம் நாளில் நின்றுபோன சினை: ஒரு பன்றிப் பண்ணையின் ஐந்து மாதங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு பன்றிப் பண்ணையில் நடந்தது இது. நான் அந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர். பண்ணையை நடத்தும் கணவன் மனைவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், பெயர், ஆண்டு எதையும் சொல்லவில்லை. எண்ணிக்கையும் தேதியும் அவர்கள் எழுதி வைத்திருந்தவை.

பின்னணி

வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த இரண்டு கொட்டகைகள். 14 தாய்ப்பன்றிகள், 2 ஆண் பன்றிகள், எல்லாம் வெண்பன்றிக் கலப்பு. கணவர் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். பன்றிகளை அடைப்பதும் அவிழ்ப்பதும், எது பருவத்துக்கு, அதாவது சூட்டுக்கு, வந்திருக்கிறது என்று பார்ப்பதும், எழுதி வைப்பதும் மனைவிதான். செயற்கைக் கருவூட்டல் கிடையாது. ஆண் பன்றியை விட்டுத்தான் சேர்ப்பார்கள். ஒரு ஈற்றுக்கு 9 அல்லது 10 குட்டி என்பது அந்தப் பண்ணையின் வழக்கம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் இரண்டு விற்பனையையும் கணக்கு வைத்துத்தான் ஆண்டு முழுதும் சினை சேர்ப்பார்கள். இந்த மாவட்டத்தில் பன்றி வளர்க்கும் யாருக்கும் அதுதான் கணக்கு.

முன்பெல்லாம் ஹோட்டல் மிச்சச் சோறுதான் முக்கியத் தீனி. 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானபோது இங்கேயும் பயம் வந்தது. அந்த வைரஸ் மிச்சச் சோற்றின் வழியாகவும் பரவக்கூடும் என்பதால், அதைக் குறைக்கும்படி எல்லோருக்கும் சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர்களும் கேட்டார்கள். தாய்ப்பன்றிகளுக்கு மக்காச்சோளம் பாதி, மீதிக்குத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கொஞ்சம் கருவாட்டுத் தூள் என்று மாற்றினார்கள். கொடுக்கும் சோற்றையும் டிரம்மில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். அந்த முடிவு சரியானது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் மக்காச்சோளம் கூடியதோடு, அதுவரை அந்தப் பண்ணை அறியாத ஓர் ஆபத்தும் சேர்ந்து வந்தது.

நான் எழுதும் ஆண்டில், ஜூன் முதல் வாரம், விலை மலிவாகக் கிடைத்ததென்று ஒரு வண்டி மக்காச்சோளம் வாங்கி இறக்கினார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நேரம்.

ஆகஸ்டில் வந்த போன்

ஆகஸ்ட் 12 அன்று கணவர் போனில் பேசினார். "சாரே, மூணு பன்னி சினை நிக்காம திரும்பியும் சூட்டுக்கு வந்துட்டு. கிடா சரியில்லையோண்ணு சம்சயமா இருக்கு."

எந்த ஆண் பன்றி என்று கேட்டேன். மூன்றில் இரண்டு சின்னதோடு சேர்ந்தவை என்றார். மூத்ததையே விடுங்கள், மதியத்தில் தண்ணீர் அடியுங்கள், பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு: சேர்த்து எத்தனையாம் நாள் திரும்பியது? அதைக் கேட்டிருந்தால் அந்த ஆண் பன்றிமேல் பழி போயிருக்காது. பன்றியின் பருவச் சுழற்சி 21 நாள், முன்னே பின்னே 18 முதல் 24 வரை. விந்தில் குறை இருந்து கரு உண்டாகவே இல்லையென்றால், பன்றி தன் வழக்கமான நாளில் திரும்ப வரும். இந்த மூன்றும் அப்படி வரவில்லை. அது எனக்குத் தெரியவந்தது அக்டோபரில்.

அக்டோபர் 24: முதல் பார்வை

இரண்டாவது முறை பேசியது மனைவி. காதில் 7 என்று வெட்டிய பன்றி குட்டி போடவில்லை என்றார். ஜூன் 24 அன்று சேர்த்தது. பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். அக்டோபர் 16-ல் ஈன்றிருக்க வேண்டும். எட்டு நாள் தாண்டிவிட்டது.

போய்ப் பார்த்தேன். வயிறு பெருத்துத்தான் இருந்தது. ஆனால் மடி இறங்கவில்லை. காம்பைப் பிழிந்தால் ஒரு சொட்டுப் பால் இல்லை. நடை சினைப்பன்றியின் நடையாக இல்லை, கொழுத்த பன்றியின் நடையாக இருந்தது. திரும்பச் சூட்டுக்கு வராததால் சினை என்று அவர்கள் நம்பியதில் தவறில்லை. கிராமத்தில் எல்லோரும் அப்படித்தான் முடிவு செய்கிறோம்.

திரும்பும் வழியில் அடுத்த அறையில் மூன்றரை மாதப் பெண் குட்டிகள் ஆறு நின்றன. அவற்றில் நான்குக்குப் பிறப்புறுப்பு தடித்துச் சிவந்து, தக்காளிப் பழம் பிதுங்கியதுபோல் இருந்தது. ஒன்றுக்கு ஆசனவாய் சற்று வெளித்தள்ளி இருந்தது. பக்கத்தில் நின்ற ஆண் குட்டிகளுக்குக் காம்புகள் பருத்திருந்தன. மனைவி இதைக் கவனித்துத்தான் இருந்தார். "குட்டிகெல்லாம் சீக்கிரம் பருவத்துக்கு வந்துட்டுண்ணு சந்தோசப்பட்டேன் சாரே" என்றார். மூன்றரை மாதத்தில் இந்தக் கலப்புப் பன்றி பருவத்துக்கு வராது. ஐந்தாறு மாதமாவது ஆகும். குட்டிகளின் உடம்பில், அவற்றின் சூலகம் சுரக்காத ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எங்கிருந்தோ வந்திருக்கிறது. தீனியைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

காலண்டர்

"அக்கா, சேர்த்த தேதி எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஓர்மையிலயும் உண்டு, எழுதியும் போட்டிருக்கேன்" என்று அடுக்களைச் சுவரில் தொங்கிய கோயில் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். தேதிக் கட்டத்துக்குள் காது எண். சேர்த்த நாளுக்கு நீல மை. சூட்டுக்குத் திரும்பிய நாளுக்குச் சிவப்பு. ஈன்ற நாளுக்கு ஒரு சிலுவைக் குறி, பக்கத்தில் குட்டிகளின் எண்ணிக்கை. ஜூலைத் தாள் எண்ணெய்க் கறை படிந்து பாதி ஒளி புகும்படி ஆகியிருந்தது. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த தடயங்களில் மிக மதிப்புள்ளது அந்தக் காலண்டர்தான். ஆய்வுக்கூட அறிக்கைகூட அதற்கு அடுத்ததுதான்.

திண்ணையில் உட்கார்ந்து எண்ணினோம். ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 31 வரை சேர்த்தவை 11. ஆறு திரும்பியிருக்கின்றன: 21, 25, 27, 27, 29, 32 என்ற நாள்களில். ஐந்து திரும்பவே இல்லை. மறுநாள் ஒரு நண்பரின் கையடக்க ஸ்கேன் கருவியை வாங்கிவந்து அந்த ஐந்தையும் பார்த்தேன். இரண்டில் மட்டும் குட்டிகள் தெரிந்தன. 7-ஆம் எண்ணோடு சேர்த்து மூன்றில் எதுவும் இல்லை.

ஆக, பதினொன்றில் உண்மையான சினை இரண்டு. ஒன்று வழக்கமான நாளில் திரும்பியது. ஐந்து தாமதமாகத் திரும்பின. மூன்று சினை இல்லாமலே சினைபோல நின்றன. சினை நிற்காத இந்த மூன்று வகையும் ஏன் வெவ்வேறு என்பது புரிய, முதல் மூன்று வாரத்தில் பன்றியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பண்ணையாளர்களிடம் நாங்கள் போதுமான அளவு பேசாத பகுதி அது. அதனால் இங்கே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம்

ஒரு பருவத்தில் தாய்ப்பன்றி 15 முதல் 25 முட்டைகள்வரை விடும். சூடு இரண்டு மூன்று நாள் நீடிக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகே முட்டைகள் வெளிவரும். நல்ல நேரத்தில் சேர்த்தால் பத்தில் ஒன்பது முட்டை கருவாகும். ஆக, கரு உண்டாவதில் பன்றிக்குக் குறையே இல்லை. உண்டானது நிலைப்பதில்தான் இழப்பு. எந்தக் கோளாறும் இல்லாத பன்றியில்கூட, நான்கில் ஒரு பங்கு கருக்கள் முதல் மாதத்துக்குள்ளேயே மடிந்துவிடுகின்றன.

கருவான முட்டை, முட்டை வெளிவந்து இரண்டாம் நாள், நான்கு செல்லாக இருக்கும்போது கருப்பைக்குள் இறங்கும். தாயின் முட்டையில் சேர்த்து வைத்திருந்த கட்டளைகளை விட்டுவிட்டு, கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கத் தொடங்குவதும் பன்றியில் அந்த நான்கு செல் நிலையில்தான். ஐந்தாறு நாளில் உள்ளே நீர் கோத்துக் கருக்கோளமாகும். ஏழாம் நாளை ஒட்டி மேல் உறையைக் கிழித்து வெளிவரும். ஆனால் உடனே ஒட்டாது. கருப்பையின் இரண்டு கொம்புகளிலும் மிதந்து அலைந்து, ஒரு கொம்பிலிருந்து மற்றதற்குக்கூடப் போய், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இடம் பிடிக்கும்.

பத்தாம் நாள் கரு ஒரு சிறு உருண்டை, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அடுத்து நடப்பது ஓர் அதிசயம். 11, 12-ஆம் நாள்களில், ஒரு சில மணி நேரத்துக்குள், அந்த உருண்டை முட்டை வடிவாகி, குழாயாகி, நூலாக நீண்டுவிடும். செல்கள் புதிதாகப் பெருகுவதைவிட, இருக்கும் செல்களே இடம் மாறி வரிசைகட்டுவதால் வரும் நீளம் அது. 16-ஆம் நாளுக்குள் ஒரு மீட்டரை நெருங்கும். கல்லூரியில் படித்தபோது, வெட்டிய பன்றியின் கருப்பையைக் கழுவி ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காட்டினார்கள். ஊறிய தையல் நூல் சிக்கிக் கிடப்பதுபோல இருந்தது. அதில் எது எந்தக் குட்டி என்று பிரிக்க முடியவில்லை. 12 நாள் உயிர்கள் அவை என்று நம்புவதற்கு எனக்கு நேரமானது.

நூலாக நீளும் அந்த வேளையில்தான் கருக்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. தாய்க்கு அவை அனுப்பும் தகவல் அது. அந்தத் தகவல் வராவிட்டால், 15, 16-ஆம் நாள் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை ரத்தத்தில் விடும். அது சூலகத்துக்குப் போய், முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகிச் சினையைக் காக்கும் சுரப்பியான கார்பஸ் லூட்டியத்தைக் கரைக்கும். அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் விழும். 21-ஆம் நாள் பன்றி சூட்டுக்கு வரும். தகவல் வந்துவிட்டால், அதே பொருள் ரத்தத்துக்குப் போகாமல் கருப்பையின் உட்குழிக்குள் திரும்பித் தங்கிவிடும். கார்பஸ் லூட்டியம் பிழைக்கும், சினை நிற்கும். இந்த விளக்கத்தை பேசர், தாட்சர் என்ற ஆய்வாளர்கள் 1977-ல் முன்வைத்தார்கள். தகவல் போதுமான வலுவோடு வர, குறைந்தது நான்கு கருவாவது அப்போது உயிரோடு இருக்க வேண்டும் என்று போல்ஜ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1966-லேயே காட்டியிருந்தார்கள்.

இனி அந்தக் காலண்டரைப் படிக்கலாம். 18 முதல் 24 நாளுக்குள் திரும்பினால், தகவல் போகவே இல்லை. கரு உண்டாகவில்லை, அல்லது 12-ஆம் நாளுக்கு முன்பே மடிந்தது. 25-ஆம் நாளிலோ பிறகோ திரும்பினால், தாய்க்கு ஈஸ்ட்ரோஜன் கிடைத்தது, பிறகு கருக்கள் மடிந்தன. திரும்பவே இல்லை, குட்டியும் இல்லை என்றால், ஈஸ்ட்ரோஜன் வந்துகொண்டே இருந்தது, அனுப்பியவை கருக்கள் அல்ல.

எதையெல்லாம் சந்தேகித்தோம்

வயிற்றிலுள்ள குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் என் மனதில் முதலில் வந்தது. அதில் வெவ்வேறு அளவில் உலர்ந்து கறுத்த குட்டிகள் ஈற்றில் வரும், பெரும்பாலும் முதல் ஈற்றுப் பன்றிகளைத் தாக்கும். இங்கே அப்படி ஒரு குட்டியும் விழவில்லை. நான்காம் ஈற்றுப் பன்றிக்கும் இதே நிலை. கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்கு ரத்தம் எடுத்து அனுப்பினேன், இல்லை என்று வந்தது. கருச்சிதைவு ஒன்றும் இல்லாததால் எலிக்காய்ச்சல் கிருமியையும் பின்னுக்குத் தள்ளினேன். இவற்றில் எதுவும் மூன்றரை மாதக் குட்டியின் பிறப்புறுப்பை வீங்க வைக்காது. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டக்கூடியது ஒன்றுதான்: மக்காச்சோளத்தில் வளரும் ஃபியூசேரியம் பூஞ்சை உண்டாக்கும் ஜியராலினோன் என்ற நச்சு. ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்திலேயே இதுவும் உட்காரும். பன்றியின் உடல் இதை இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிடுவதால், வளர்ப்பு விலங்குகளில் பன்றிக்குத்தான் பாதிப்பு அதிகம்.

மக்காச்சோள மூட்டைகளைப் பார்க்கப் போனோம். நாற்பதுக்கு மேல் வந்ததில் ஒன்பது மீதி. சுவரோரம், தரையில், பலகை இல்லாமல். அடி மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். இளஞ்சூடு தெரிந்தது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. சில மணிகளின் முளைமுனையில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது.

மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. "இதே சோளந்தான் கோழிக்கும் போடுகேன். அது நல்லா முட்டை இடுதே சாரே. அது போக, நாங்க வேக வச்சுல்லா கொடுக்கோம்?"

இரண்டுக்கும் பதில் உண்டு. கோழி இந்த நச்சை நன்றாகவே தாங்கும். கோழி நலமாக இருப்பது பன்றிக்கு உத்தரவாதம் அல்ல. வேகவைத்தால் வைரஸ் சாகும், பூஞ்சையும் சாகும். பூஞ்சை விட்டுப்போன நச்சு கொதிக்கும் தண்ணீரில் அழியாது.

எடுத்த முடிவுகள்

அக்டோபர் 26 அன்றே மீதி மூட்டைகளை நிறுத்தினோம். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கலாமா என்று கணவர் கேட்டார். ஒன்பது மூட்டையின் விலை அவருக்குச் சிறிய தொகை அல்ல. ஒரு நாள் தாமதித்தால் அந்த நாளில் 9-ஆம், 10-ஆம் நாளில் நிற்கும் எந்தப் பன்றியின் கருவும் போய்விடலாம் என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டார். வேறு மக்காச்சோளம் நம்பி வாங்க முடியாததால், இரண்டு மாதத்துக்கு உலர்ந்த மரச்சீனிக் கிழங்கும் தவிடும் வைத்துச் சமாளித்தோம்.

7-ஆம் எண்ணை விற்பது அவர்கள் முடிவு. வெட்டும் இடத்தில் கருப்பையை எனக்குக் கொடுக்கும்படி கேட்டேன். இரண்டு கொம்பும் நீளமாக, தடித்து, நீர்கோத்து இருந்தன. நெடுக வெட்டித் திறந்தேன். ஒன்றும் இல்லை, ஒரு எலும்புத் துண்டுகூட இல்லை. கரு ஏறத்தாழ 35 நாளுக்குள் மடிந்தால், எலும்பு பிடிக்காத காரணத்தால் முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும். ஆனால் சூலகங்களில் கார்பஸ் லூட்டியங்கள் திராட்சைக் குலைபோலத் திரண்டு, இளஞ்சிவப்பாக உயிரோடு நின்றன. இரண்டிலும் சேர்த்து 16 எண்ணினேன். நான்கு மாதமாக, இல்லாத குட்டிகளுக்காக அந்த உடம்பு சினையைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. கூடவே நின்ற மனைவி வெகுநேரம் பேசவில்லை.

மற்ற இரண்டு பொய்ச்சினைப் பன்றிகளுக்கும் தீனி மாற்றி 16 நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டேன். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே உள்ளே போகும். அதனால் மருந்தை நானே கையுறையோடு கையாண்டேன். ஐந்தாம் நாளில் ஒன்றும் ஆறாம் நாளில் மற்றதும் சூட்டுக்கு வந்தன.

தீவனக் கடையில் கொடுத்த நச்சு பிடிக்கும் பொடியைக் கலக்கலாமா என்றும் கேட்டார்கள். களிமண் சார்ந்த பொடிகள் அஃப்ளாடாக்சின் என்ற வேறொரு பூஞ்சை நச்சை நன்றாகப் பிடிக்கும், ஜியராலினோனை அவ்வளவு பிடிக்காது. வேண்டாம் என்றேன்.

மாதிரி அனுப்பியதில் என் பிழை ஒன்று உண்டு. சீட்டில் "பூஞ்சை நச்சு" என்று மட்டும் எழுதினேன். வழக்கமாகக் கேட்கப்படும் அஃப்ளாடாக்சினைப் பார்த்து, வரம்புக்குள் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தத் தாளைப் பார்த்துக் கணவர் மூட்டைகளைத் திரும்ப எடுக்க இருந்தார். ஜியராலினோன் என்று பெயரெழுதி மறுபடி அனுப்பியதும் கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்று வந்தது. மக்காச்சோளம் பாதி என்றால் தீனியில் கிலோவுக்குச் சுமார் 4 மில்லிகிராம். ஐரோப்பிய ஆணையம் 2006-ல் தாய்ப்பன்றித் தீனிக்குப் பரிந்துரைத்த மேல்வரம்பு 0.25. இளம்பன்றிக்கு 0.1.

தொடர்ந்தது

குட்டிகளின் வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்தது. சினையாக இருந்த இரண்டும் நவம்பரில் ஈன்றன: ஐந்தும் ஆறும். மூன்று வாரம் யாரையும் சேர்க்காமல் இருந்து, நவம்பர் 16-ல் மறுபடி தொடங்கினார்கள். டிசம்பர் முடிவுக்குள் ஒன்பது சேர்த்தார்கள், அதில் ஆகஸ்டில் நான் ஒதுக்கச் சொன்ன சின்ன ஆண் பன்றியோடு நான்கு. இரண்டு மட்டும் திரும்பின, 20-ஆம் நாளும் 22-ஆம் நாளும். ஏழு நின்றன. 30-ஆம் நாள் ஸ்கேனில் ஏழிலும் குட்டி தெரிந்தது. முதல் ஈற்று மார்ச் 11. ஏழு ஈற்றிலும் உயிரோடு விழுந்தவை 63. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் விற்க அவர்களிடம் போதுமான பன்றி இல்லை. அந்த இழப்பு ஈடாகவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தீனி மாறிய அதே நேரத்தில் பருவமும் மாறியது, சேர்ப்பதற்கு முன் ஓய்வும் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பழைய தீனியில் ஒரு பன்றியையும் விட்டுவைக்கவில்லை, விடவும் கூடாது. பரிசோதித்தது அடி மூட்டை, ஜூலையில் பன்றிகள் தின்றது மேல் மூட்டை. நச்சு மூட்டைக்கு மூட்டை வேறுபடும். ஆனாலும் குட்டிகளின் வீக்கம், 25-ஆம் நாளிலோ பிறகோ திரும்பிய ஐந்து, அந்த 16 கார்பஸ் லூட்டியம் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டியதால் என் முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாறியவை, மாற வேண்டியவை

சினை நிற்கவில்லை என்று யார் போன் செய்தாலும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனையாம் நாள்?" என்பது. ஆகஸ்டிலேயே கேட்டிருந்தால் இரண்டரை மாதம் மிஞ்சியிருக்கும். திரும்பவில்லை என்பதை மட்டும் வைத்துச் சினை என்று எழுதுவதையும் நிறுத்தச் சொல்கிறேன். 30-ஆம் நாளை ஒட்டி ஒரு ஸ்கேன் பார்த்துவிட வேண்டும். சேர்த்த மூன்று நாளுக்குப் பிறகு 28 நாள்வரை பன்றியை அறை மாற்றவோ புதிய பன்றிகளோடு கலக்கவோ கூடாது என்பதையும் இந்தப் பண்ணையில் இப்போது கடைப்பிடிக்கிறார்கள். முன்பு இடவசதிக்காக இரண்டாம் வாரத்தில் மாற்றுவார்களாம்.

மக்காச்சோளத்தை ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வாங்குவதில்லை. பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குகிறார்கள். புது மூட்டை பிரித்தால் முதல் பத்து நாள் வளரும் ஆண் பன்றிகளுக்குத்தான் போகிறது.

பிறப்புறுப்பு வீங்கிய நான்கு குட்டிகளில் இரண்டைத் தாய்க்கு நிறுத்தியிருக்கிறார்கள். எட்டாம் மாதத்தில் ஒழுங்காகச் சுழற்சி வந்தது. ஒன்றைச் சேர்த்து இன்றோடு 26 நாள். காலண்டரில் நீல மை மட்டும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகிறேன்.